அம்மோனைட் ஓட்டுக்குப் பெயர் குறிக்க எதை நம்புவது: சுருளின் அளவையா, மேற்பரப்பின் அணிகளையா, தையற்கோட்டையா?

அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் விலங்கு. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) பாறைகளில் கிடைத்த ஓர் அம்மோனைட் ஓட்டின் சிற்றினம் எது என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு மூன்று வகைச் சான்றுகள் கைவசம் இருக்கும். முதலாவது ஓடு சுருண்டிருக்கும் விதம். அதாவது விட்டம், சுற்றின் உயரம், தடிமன், நடுவிலுள்ள கொப்பூழின் அகலம் ஆகியவற்றுக்கு இடையிலான விகிதங்கள். இரண்டாவது மேற்பரப்பில் உள்ள அணிகள்; விலாவரிகள், முண்டுகள், வெளிவிளிம்பில் ஓடும் முகடு, இடைவெளி விட்டு வரும் இடுக்குகள் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது தையற்கோடு, உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச்சுவர், ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில் விழுகிற நெளிகோடு அது. மூன்றையும் விவரிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மூன்றும் ஒரே பெயரைச் சுட்டாதபோது எதற்கு முதலிடம் கொடுப்பது, ஒன்று மட்டுமே தெரியும்போது எதுவரை துணிந்து சொல்வது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தையும் பேரினத்தையும் தையற்கோட்டிடம் கேட்க வேண்டும். சிற்றினத்தை உட்சுற்றுகளின் அணிகளிடம் கேட்க வேண்டும். அளவு விகிதங்களைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாமே தவிர நீதிபதியாக வைக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, பார்க்கும் பகுதி அந்த விலங்கின் வளர்ச்சியில் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பது தெரிய வேண்டும். அது தெரியாதபோது மூன்று சான்றுகளும் ஒருசேர வழிதவறச் செய்யும்.

தென்னிந்திய ஓடுகளில் இந்தக் கேள்வி ஏன் கூர்மையாகிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்தவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். சிவா, இந்திரா, பிரம்மா, விஷ்ணு என்று அவர் சூட்டிய சிற்றினப் பெயர்கள் இன்றும் உலகம் முழுவதும் புழங்குகின்றன. அடுத்து பிளான்ஃபோர்டு இப்பாறைகளை வரைபடமாக்கி, 1862-இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அம்மோனைட்டுகளைத் தொகுத்து விவரித்த பெரும்பணி ஸ்டோலிச்காவுடையது. அது 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாக வந்தது. 1895 முதல் 1898 வரை வியன்னாவில் ஃபிரான்ஸ் காஸ்மாட் இவற்றை மறுபடியும் ஆராய்ந்தார். ஆக, நாம் ஒப்பிட வேண்டிய மூலமாதிரிகள், அதாவது ஒரு பெயருக்கு ஆதாரமாக நிற்கும் அசல் ஓடுகள், லண்டன், கொல்கத்தா என்று சிதறிக் கிடக்கின்றன. நேரில் பார்க்க இயலாதவர்கள் கல்லச்சு ஓவியங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அக்காலத்து ஓவியர்கள் உடைந்த பகுதியை நிறைவுபடுத்தி, தேய்ந்த வரியை எடுப்பாக்கி வரைவது வழக்கம். ஓவியத்தில் தெளிவாகத் தெரிவது மூலமாதிரியில் இருந்தே ஆக வேண்டும் என்று கருதுவதற்கில்லை.

சான்றுகளை ஒப்பிடும் முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தச் சான்று கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை; ஓடு எப்படிப் பாதுகாக்கப்பட்டதோ அதுவே தேர்ந்தெடுத்துவிடுகிறது. அசல் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தால் அணிகள் முழுமையாகத் தெரியும், தையற்கோடு தெரியாது. ஓடு கரைந்து, உள்ளே நிரம்பிய சேறோ கால்சைட்டோ இறுகி உள்வார்ப்பாக நின்றால் தையற்கோடு பளிச்சென்று தெரியும், ஆனால் அணிகள் மங்கிவிடும். மெல்லிய வளர்ச்சிக் கோடுகள் வார்ப்பில் பதிவதே இல்லை. இடுக்குகள் நேர்மாறாக, ஓட்டின் வெளிப்புறத்தைவிட வார்ப்பில்தான் ஆழமாகத் தெரியும். ஏனெனில் பல இனங்களில் அந்த இடத்தில் ஓடு உட்பக்கமாகத் தடித்திருக்கும், வெளிப்பக்கம் அவ்வளவாகக் குழிந்திருக்காது. முட்களின் நிலையும் கவனத்துக்குரியது. நீண்ட முள் உள்ள இனங்கள் சிலவற்றில், முள்ளின் அடியை ஒரு சிறு தளம் மூடி உள்ளறையிலிருந்து பிரித்துவிடும். வார்ப்பில் அந்த இடம் மழுங்கிய, தட்டையான முண்டாக மட்டுமே தெரியும். ஒரே விலங்கின் ஓட்டை ஒருவர் முள்ளுடையது என்றும், அதன் வார்ப்பை இன்னொருவர் முண்டுடையது என்றும் விவரித்து இரு பெயர் சூட்டக்கூடிய இடம் இது. ஆகவே விவரிப்பின் முதல் வாக்கியமே ஓடா, உள்வார்ப்பா, இரண்டும் கலந்ததா என்பதைச் சொல்ல வேண்டும்.

இனி அளவு விகிதங்கள். இவற்றின் பெரிய நன்மை, யார் அளந்தாலும் ஏறத்தாழ ஒரே எண் வரும் என்பது. வெர்னியர் அளவியும் பொறுமையும் போதும். விட்டம், சுற்றின் உயரம், சுற்றின் தடிமன், கொப்பூழின் விட்டம் என நான்கு அளவுகளை எடுத்து, தடிமனை உயரத்தாலும், கொப்பூழின் விட்டத்தை ஓட்டின் விட்டத்தாலும் வகுத்தால் சுருளின் தோற்றம் எண்ணாகிவிடும். எடுத்துக்காட்டாக, விட்டம் 60 மி.மீ., உயரம் 32, தடிமன் 13, கொப்பூழ் 8 என்று வைத்துக்கொண்டால், தடிமன்–உயர விகிதம் 0.41, கொப்பூழின் பங்கு 13 விழுக்காடு. வெளிச்சுற்று உட்சுற்றுகளை ஏறக்குறைய முழுவதும் மூடிய, மெல்லிய வட்டத்தகடு போன்ற ஓடு இது என்பது, பார்க்காதவருக்கும் விளங்கிவிடும். டேவிட் ராப் 1960-களில் சுருள் ஓடுகள் அனைத்தையும் சில அளபுருக்களால் விவரிக்க முடியும் என்று காட்டியதும் இந்த வழியின் விரிவுதான்.

ஆனால் இதே எண்கள் ஏமாற்றும் விதங்களும் பல. தடிமனை விலாவரியின் மேல் வைத்து அளப்பதா, இரு வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அளப்பதா என்பது முதல் குழப்பம். முண்டுகள் உள்ள ஓட்டில் இந்த வேறுபாடு விகிதத்தையே மாற்றிவிடும் என்பதால், இரண்டையும் அளந்து எது எது என்று குறிப்பிட வேண்டும். அடுத்தது நசுங்கல். களிமண் படிவில் புதைந்த ஓடு, மேலிருக்கும் படிவின் எடையால் தட்டையாகும்போது முதலில் பொய்யாவது தடிமன்தான். கொப்பூழின் பங்கு அதைவிடக் குறைவாகவே பாதிக்கப்படும்; ஒரு சுற்றுக்கு எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கை மாறவே மாறாது. நசுங்கிய ஓட்டின் தடிமன் விகிதத்தை அட்டவணையில் சேர்ப்பதைவிட அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே நேர்மை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, விகிதம் வளர்ச்சியோடு மாறுவது. பல அம்மோனைட்டுகள் இளமையில் தடித்த உருண்டையாக இருந்து, வளர வளர மெலிந்து தட்டையாகின்றன. முதிர்ச்சியில் கடைசிச் சுற்று மெல்ல விலகி, கொப்பூழ் அகலும் இனங்களும் உண்டு. 25 மி.மீ. விட்டமுள்ள ஓட்டின் விகிதத்தை 120 மி.மீ. விட்டமுள்ள மூலமாதிரியின் விகிதத்தோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று புதிய பெயர் தேடுவது ஒப்பீடே அல்ல. ஒரே விட்டத்தில் இரண்டையும் அளந்தால்தான் அது ஒப்பீடாகும். அதற்குப் பெரிய ஓட்டின் உட்சுற்றுகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவற்றை வைத்துச் சிற்றினத்தைத் தீர்மானிக்க முடியாது.

அடுத்தது அணிகள். கண்ணுக்கு முதலில் படுவதும், பழைய நூல்கள் அதிகம் நம்பியதும், களத்தில் விரைவாக உதவுவதும் இவையே. வரி கொப்பூழ் விளிம்பிலேயே தொடங்குகிறதா, பக்கத்தின் நடுவில் பிளவுபடுகிறதா, முன்னோக்கிச் சாய்கிறதா, வெளிவிளிம்பைக் கடந்து மறுபக்கம் செல்கிறதா, அங்கே அறுபடுகிறதா என்று கேட்கக் கேட்க ஓடு தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே போகும். ஸ்டோலிச்கா விவரித்த காஸ்மாடிசெராஸ் தியோபால்டியானத்தின் கொப்பூழோர முண்டுகளிலிருந்து கிளம்பும் நெருக்கமான வரிகளும், அவற்றைச் சாய்வாக வெட்டிச் செல்லும் இடுக்குகளும் சேர்ந்திருக்கும் அமைப்பை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அணிகளே பெரும்பாலும் போதுமானதாக அமையும் இனம் இது.

சிக்கல் தொடங்குவது ஒரே சிற்றினத்துக்குள் அணிகள் எவ்வளவு மாறலாம் என்பதை அறியும்போது. இங்கிலாந்தின் நடு ஜுராசிக் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து பக்மன் சொன்னினியா ஓடுகளுக்கு டஜன் கணக்கில் பெயர் சூட்டியிருந்தார். அவற்றில் பெரும்பகுதி மாறுபாடு மிகுந்த ஒரே சிற்றினம்தான் என்று 1966-இல் வெஸ்டர்மேன் வாதிட்டார். பக்மனே கவனித்திருந்த ஓர் ஒழுங்குக்கு அவர் பெயரையே விதியாகச் சூட்டியவரும் அவர்தான். ஒரு கூட்டத்தில் தடித்த ஓடுகளுக்கு அணிகள் வலுவாகவும் கொப்பூழ் அகலமாகவும் இருக்கும். மெலிந்த ஓடுகளுக்கு அணிகள் மங்கலாகவும் கொப்பூழ் குறுகியும் இருக்கும் என்பதே அந்த ஒழுங்கு. அமெரிக்காவின் மௌரி ஷேல் படிவுகளில் கிடைத்த நியோகாஸ்ட்ரோப்லைட்ஸ் ஓடுகளைப் பற்றி ரீசைடும் காபனும் 1960-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டிற்று: ஒரே கூட்டத்தில், ஒரு முனையில் ஏறக்குறைய வழவழப்பான தட்டை ஓடும், மறுமுனையில் முட்கள் கொண்ட தடித்த ஓடும் இருக்க, இரண்டையும் இணைக்கும் இடைப்பட்ட வடிவங்கள் முழு வரிசையாக அமைந்திருந்தன. இரு முனைகளை மட்டும் தனித்தனியாகப் பார்த்தவர் இரு பேரினங்கள் என்றே சொல்லியிருப்பார்.

இந்த விதியில் ஒப்பீட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. அது போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை என்பது என் எண்ணம். தடிமன், கொப்பூழின் அகலம், அணிகளின் வலிமை மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன என்றால், அவற்றை மூன்று தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது. "என் ஓடு தடிமனிலும், கொப்பூழிலும், வரிகளிலும் மூலமாதிரியிலிருந்து வேறுபடுகிறது, மூன்று வேறுபாடுகள் இருப்பதால் புதிய சிற்றினம்" என்று எழுதுபவர், ஒரே வேறுபாட்டை மூன்று முறை எண்ணியிருக்கிறார்.

இந்தியாவிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பாக் பாறைகளில் கிடைக்கும் பிளாசென்டிசெராஸ் ஓடுகளுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்டோய் என்ற பெயர் சூட்டப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து பிளாசென்டிசெராஸ் காஃப்ரேரியம் என விவரிக்கப்பட்ட இனம் மிகப் பரந்த மாறுபாடு கொண்டது என்பது, சூலூலாந்து ஓடுகளைக் கொண்டு 1989-இல் காட்டப்பட்டது. 2007-இல் பாக் ஓடுகளின் அணிகள் பற்றி வெளிவந்த ஆய்வு, அவற்றை அதே காஃப்ரேரியத்தின் பல அணி வடிவங்களாக விவரித்தது. திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கிடைக்கும் பிளாசென்டிசெராஸ் டமுலிகத்தைக் கையில் வைத்திருப்பவர் இந்தப் பின்னணியை அறிந்தே பேச வேண்டும். அதன் இளம் சுற்றுகளில் வெளிவிளிம்பு குறுகித் தட்டையாக, இருபுறமும் கூரான ஓரங்களுடன் இருக்கும். அந்த ஓரங்களில் நீள்வாக்கில் சிறு முண்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும். கொப்பூழைச் சுற்றி இன்னொரு வரிசை முண்டுகள் இருக்கலாம். ஓடு வளர்ந்ததும் இவை மங்கி, விளிம்பும் உருண்டு, இளமையில் தெளிவாக இருந்த அடையாளங்கள் பல காணாமற்போகும். முதிர்ந்த ஓட்டின் வெளிச்சுற்றில் அணி இல்லை என்பது அந்த இனத்துக்கு அணியே இல்லை என்பதாகாது. இதனால்தான் உட்சுற்றுகளின் அணிகள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

தையற்கோட்டுக்கு வருவோம். தடுப்புச்சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் முன்னோக்கி வளையும் பகுதியைச் சேணம் என்றும், பின்னோக்கி வளையும் பகுதியை மடல் என்றும் சொல்கிறோம். எளிய வளைவுகள் மட்டும் கொண்டவை கோனியடைட் வகை; மடல்களின் நுனியில் மட்டும் பற்கள் கொண்டவை செரடைட் வகை; சேணமும் மடலும் இரண்டுமே நுண்ணிய கிளைகளாகப் பிளந்தவை அம்மோனைட் வகை என்பது பாடநூல் வகைப்பாடு. கிரெட்டேசியஸ் ஓடுகளைப் பொறுத்தவரை இந்த மூன்று பெயர்களால் பெரிய பயன் இல்லை; அந்தக் காலத்திலும் தையற்கோடு எளிமையாகி, செரடைட் போலத் தோன்றும் கிளைகள் உருவாயின. எத்தனை மடல்கள், அவை எங்கே தோன்றுகின்றன, முதல் பக்க மடல் இரண்டாகப் பிளக்கிறதா மூன்றாகவா, சேணத்தின் நுனி இலைபோல் உருண்டிருக்கிறதா, கொப்பூழ்ப் பக்கம் போகப்போகச் சிறு உறுப்புகள் எத்தனை கூடுகின்றன என்பனவே பயன்படும் கேள்விகள்.

அருகருகே வைத்துப் பார்த்தால் தையற்கோட்டின் வலிமை புரியும். மேலே சொன்ன பிளாசென்டிசெராஸும், புதுச்சேரிப் பகுதியின் மாஸ்ட்ரிக்டியன் (கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டம்) படிவுகளிலிருந்து ஃபோர்ப்ஸ் பெயரிட்ட ஸ்ஃபீனோடிஸ்கஸ் சிவாவும் முதிர்ந்த நிலையில் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்டவை: மெல்லிய வட்டத்தகடு, மிகக் குறுகிய கொப்பூழ், வழவழப்பான பக்கங்கள். அளவு விகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அணிகள் இரண்டிலும் சொல்லத்தக்கதாக இல்லை. வெளிவிளிம்பு ஸ்ஃபீனோடிஸ்கஸில் கத்தி முனைபோல் கூர்ந்திருக்கும் என்றாலும், அந்த முனைதான் முதலில் உடைந்து தேய்வது. வார்ப்பின் பக்கத்தில் தையற்கோட்டைப் பார்த்த உடனே ஐயம் தீர்ந்துவிடும். பிளாசென்டிசெராஸில் மடல்களும் சேணங்களும் நுணுக்கமாகப் பிளவுபட்டிருக்கும்; ஸ்ஃபீனோடிஸ்கஸில் பல சேணங்கள் பெரிதும் பிளவுபடாமல், சிறு உருண்டை நுனிகளாகக் கொப்பூழ் வரை வரிசையாகச் செல்லும். ஒத்த வாழ்க்கை முறை ஒத்த வடிவத்தைத் தந்திருக்கலாம்; தடுப்புச்சுவரின் அமைப்பு மட்டும் அவற்றின் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஃபோர்ப்ஸின் இன்னொரு இனமான சூடோஃபில்லைட்ஸ் இந்திராவும் இப்படித்தான்: வேகமாக அகலும் வழவழப்பான சுற்றுகளைக் கண்டு அதை ஃபில்லோசெராஸ் வழியினது என்று கருத இடமுண்டு; தையற்கோட்டைக் கொண்டுதான் அது லைட்டோசெராஸ் வழியில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்று உறுதி செய்ய முடிகிறது.

ஆயினும் தையற்கோட்டைச் சிற்றின அளவில் நம்பலாமா என்றால், பெரும்பாலும் கூடாது என்பதே என் விடை. ஒரே ஓட்டின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும்கூட அது சற்று வேறுபடலாம். அடுத்தடுத்த இரு தடுப்புச்சுவர்களிடையே வேறுபடலாம். விலங்கு வளர வளரச் சிக்கலாகிக்கொண்டே போகலாம். ஆகவே தையற்கோட்டை வரைந்து வெளியிடுபவர், அது எந்தச் சுற்றுயரத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். தேய்மானமும் ஒரு கண்ணி. வார்ப்பின் மேற்பரப்பு அரிக்கப்பட்டாலோ, சுத்தம் செய்பவர் சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டாலோ, ஓட்டின் சுவரை ஒட்டியுள்ள நுண்கிளைகள் அழிந்து, உள்ளே இருக்கும் பருமனான வளைவுகள் மட்டும் மிஞ்சும். தேய்ந்த அம்மோனைட் தையற்கோடு செரடைட் வகைபோலத் தோன்றுவது இப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் முனைமழுங்கிய ஊசியும் பொறுமையும் அரத்தைவிட நல்ல கருவிகள். படம் எடுப்பதிலும் இரண்டு சான்றுகளுக்கும் இரண்டு வழிகள் தேவை: அணிகளுக்கு அம்மோனியம் குளோரைடு புகையால் மெல்லிய வெண்பூச்சு கொடுத்து, இடப்பக்க மேலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும், தையற்கோட்டுக்கு அந்த வெண்பூச்சே எதிரி.

வளர்ச்சிக் கட்டத்தை எப்படி அறிவது? முதிர்ச்சியடைந்த ஓட்டில் கடைசிச் சில தடுப்புச்சுவர்கள் நெருங்கி வரும். வார்ப்பில் கடைசித் தையற்கோடுகள் ஒன்றோடொன்று உரசுவதுபோல் தெரியும். கொப்பூழ் ஓரம் தன் பாதையிலிருந்து விலகும். விலங்கு குடியிருந்த கடைசி அறையான உடலறையில் அணிகள் மாறும் அல்லது மறையும். வாயில் தனி உறுப்புகள் தோன்றும். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால், நம் கையில் இருப்பது வளரும் நிலையிலேயே இறந்த விலங்கு, அல்லது உடலறை உடைந்துபோன வெறும் அறைப்பகுதி. 1962-இல் போலந்தில் மகோவ்ஸ்கியும் 1963-இல் இங்கிலாந்தில் காலமனும் தனித்தனியே நிறுவிய இருபால் வடிவ வேறுபாடு இங்கேதான் வந்து சேர்கிறது. உட்சுற்றுகள் முற்றும் ஒத்திருக்க, ஒன்று சிறிய அளவிலேயே முதிர்ந்து நின்றுவிடும். மற்றொன்று மேலும் சில சுற்றுகள் வளரும். சிற்றோடு, பேரோடு என்று அழைக்கப்படும் இவை நெடுங்காலம் இரு சிற்றினங்களாகவும், சில வேளை இரு பேரினங்களாகவும்கூடப் பெயர் பெற்றிருந்தன. முதிர்ச்சிக்கான அடையாளங்களைத் தேடாமல் அளவை மட்டும் பார்ப்பவருக்குச் சிற்றோடு எப்போதும் பேரோட்டின் குட்டியாகவோ புதிய இனமாகவோதான் தெரியும்.

உட்சுற்றுகளைக் காண மூன்று வழிகள் உண்டு. வெளிச்சுற்றை உடைத்து எடுப்பது ஓரளவு மீட்கத்தக்கது, துண்டுகளை ஒட்டிவிடலாம். நடுவே, முதல் கருவோட்டின் ஊடாக வெட்டினால் ஒரே பரப்பில் விலங்கின் வாழ்நாள் முழுவதும் தடிமனும் கொப்பூழும் எப்படி மாறின என்பது கிடைக்கும். ஆனால் ஓடு போய்விடும், வெட்டு மையத்திலிருந்து சிறிது விலகினாலும் எண்கள் பிழையாகும். சி.டி. ஸ்கேன் ஓட்டைக் கெடுக்காது. ஆயினும் ஓடும் அதை நிரப்பியதும் இரண்டுமே கால்சைட்டாக இருந்தால் அடர்த்தி வேறுபாடு போதாமல் படம் மங்கும். ஒரே அடுக்கில் பல ஓடுகள் கிடைத்திருந்தால் ஒன்றை வெட்டுவதே சிறந்தது. ஒன்றே ஒன்று இருந்தால் வெட்டக் கூடாது.

நேராகவோ தளர்ந்தோ வளர்ந்த ஓடுகளுக்கு இந்த ஒப்பீடு வேறு வடிவம் எடுக்கும். புதுச்சேரியின் யூபாகுலைட்ஸ் போன்றவற்றில் விட்டமும் கொப்பூழும் இல்லை. குறுக்குவெட்டு வடிவமும் பக்க முண்டுகளுமே பேச வேண்டும். கிடைப்பவையும் பெரும்பாலும் துண்டுகளே.

சான்றுகளை எடைபோட்ட பிறகும் இன்னொரு முடிவு எஞ்சியிருக்கிறது: பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது? ஏற்கெனவே உள்ள சிற்றினத்தில் சேர்க்கலாம். புதிய சிற்றினம் நிறுவலாம். அல்லது பெயரைத் திறந்து வைக்கலாம். திறந்து வைப்பதென்றால், பேரினப் பெயரோடு நிறுத்துவது, "ஒப்பிடத்தக்கது" என்னும் பொருள்படும் சி.எஃப். சேர்ப்பது, "உறவுடையது, ஆனால் வேறானது" என்பதைக் குறிக்கும் அஃப். சேர்ப்பது என மூன்று படிகள் உள்ளன. சி.எஃப். என்பது சான்று போதவில்லை என்பதைச் சொல்கிறது, அஃப். என்பது சான்று இருக்கிறது, அது வேறுபாட்டைக் காட்டுகிறது என்பதைச் சொல்கிறது. இவ்விரண்டையும் மாற்றிப் போடுவது சிறிய பிழையன்று. அடுத்து வரும் ஆய்வாளரைத் தவறான திசையில் அனுப்பிவிடும்.

புதிய சிற்றினம் நிறுவுவது கவர்ச்சியான வழி. விதிகளும் தடையாக இல்லை. பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு கேட்பவை சில: பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் விவரிப்பு வேண்டும், 1999-க்குப் பின் வெளியாகும் சிற்றினப் பெயருக்கு மூலமாதிரி எது என்பது வெளிப்படையாகக் குறிக்கப்பட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்பட்டுள்ளது என்பதும் சொல்லப்பட வேண்டும். ஒற்றை ஓட்டின்மீது பெயர் நிறுவுவதை விதித்தொகுப்பு தடுக்கவில்லை. தடுக்க வேண்டியது ஆய்வாளரின் மனச்சான்று. ஒரே அடுக்கிலிருந்து பல ஓடுகள், அவற்றில் வளர்ச்சியின் பல கட்டங்கள், மாறுபாட்டின் இரு முனைகள் எவ்வளவு தொலைவு என்பதற்கான சான்று, ஃபோர்ப்ஸ், ஸ்டோலிச்கா, காஸ்மாட் காட்டியவற்றின் மூலமாதிரிகளையோ அவற்றின் நல்ல நிழற்படங்களையோ பார்த்த ஒப்பீடு ஆகிய நான்கும் இல்லாதவரை நான் புதிய பெயரை ஆதரிக்க மாட்டேன். பெயர் ஒருமுறை வெளியானால் முன்னுரிமை விதியின்படி அது என்றென்றும் பட்டியலில் நிற்கும். அதைப் பின்னர் வேறொன்றோடு இணைக்க, சூட்டியவர் செலவிட்டதைவிடப் பன்மடங்கு உழைப்பு தேவைப்படும். பக்மனின் பெயர்களைச் சீர்செய்யும் வேலை தலைமுறைகளுக்கு நீண்டது.

பழைய சிற்றினத்துக்குள் தள்ளிவிடுவதும் எப்போதும் அடக்கமான தேர்வு அல்ல. பரந்த மாறுபாடு என்ற காரணத்தைக் காட்டி எல்லாவற்றையும் ஒரு பெயருக்குள் அடைத்தால், பாறை அடுக்குகளின் வயதைப் பிரித்தறியும் நுட்பம் மழுங்கும். அம்மோனைட்டுகள் விரைவாக மாறியவை, கடல்கள் நெடுகப் பரவியவை. அதனாலேயே அவற்றின் சிற்றினங்களைக் கொண்டு கிரெட்டேசியஸ் பாறைகளை நுண்ணிய மண்டலங்களாகப் பிரிக்கிறோம். இவ்விடத்தில் ஒரு வட்ட வாதத்துக்கும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓடு இன்ன அடுக்கில் கிடைத்ததால் இன்ன சிற்றினம் என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரைக் காட்டி அடுக்கின் வயதை உறுதிப்படுத்தினால் எதுவுமே நிறுவப்படவில்லை. அடுக்கைச் சீட்டில் எழுத வேண்டும். அடையாளம் காணும் காரணமாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

முன்னே எடுத்துக்காட்டிய 60 மி.மீ. வட்டத்தகட்டு ஓட்டுக்கே திரும்பினால், அது காருடமங்கலம் பக்கத்து மணற்பாறையில் கிடைத்த உள்வார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நுணுக்கமாகப் பிளந்த தையற்கோடு தெரிகிறது, வெளிவிளிம்பு குறுகித் தட்டையாக இருக்கிறது, உடலறை இல்லை, உட்சுற்றுகள் மூடியிருக்கின்றன. தையற்கோடும் விளிம்பும் சேர்ந்து பிளாசென்டிசெராஸ் என்பதை உறுதி செய்கின்றன. தடிமன் விகிதம் டமுலிகத்துக்கு முரணாக இல்லை, ஆனால் அதை நிறுவவும் இல்லை. முதிர்ச்சியா, எந்தப் பால் வடிவமா, இளம் சுற்றில் முண்டுகள் எப்படி என்பதற்கு விடை இல்லை. ஆகவே சீட்டில் "பிளாசென்டிசெராஸ் சி.எஃப். டமுலிகம், உள்வார்ப்பு, உடலறையின்றி, விட்டம் 60 மி.மீ." என்றும், கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவுகள், அடுக்கு, அதோடு கிடைத்த சிப்பிகள் ஆகியவற்றையும் எழுதுவதே சரி. அதே அடுக்கில் இன்னும் சில ஓடுகள் கிடைத்து, அவற்றில் ஒன்றை உடைத்துப் பார்த்து, விளிம்போர முண்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருப்பதும் கொப்பூழோர வரிசையின் தன்மையும் தெரிந்துவிட்டால் சி.எஃப். என்பதை நீக்கலாம். தென்னாப்பிரிக்க, பாக் ஓடுகளின் மாறுபாட்டுக்குள் அவை முழுவதும் அடங்குகின்றன என்று தெரியவந்தால், அடுத்துத் தீர்க்க வேண்டியது டமுலிகமும் காஃப்ரேரியமும் ஒரே சிற்றினமா என்பது. அப்படியானால் முந்தைய பெயரான டமுலிகத்துக்கே உரிமை என்பதால், அந்தக் கேள்வியைத் தீர்க்கும் பொறுப்பு நம் பாறைகளில் கிடைக்கும் ஓடுகளுக்குத்தான் அதிகம்.